சும்மா உட்காரவும் இடம் உண்டு

ரீடிங் ரூம் நடத்துகிறவருக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். யார் படிக்கிறார்கள், யார் படிப்பதுபோல உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பக்கம் புரள்கிற சத்தமே சொல்லிவிடும்.

ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில், பேண்டு செட் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது என் ரீடிங் ரூம். மேசை, நாற்காலி, மின்விசிறி, குடிதண்ணீர், 'போனை அணைத்து வைக்கவும்' என்று ஓர் அட்டை. அவ்வளவுதான். புத்தகத்தை அவரவர்தான் கொண்டுவரவேண்டும். நான் கொடுப்பது அமைதி ஒன்றைத்தான். காற்றடிக்கிற மாதங்களில், பழைய தங்கச் சுரங்கத்தின் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசி உள்ளே வராமல் ஜன்னலை மூடி வைப்பதும் என் பொறுப்பு.

இதற்கு முன்னால் பல வருஷம் ஊரிகம் ஸ்டேஷனில் விடிகாலை ரயிலைப் பிடித்து, பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதிவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்பியவள் நான். முழங்கால் ஒத்துக்கொள்ளாமல் போனபோது வேலையை விட்டேன். வீட்டில் உட்கார்ந்த முதல் வாரமே ஒன்று தெரிந்துவிட்டது. எனக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. கண்ணை மூடினால் ரயில் ஓடியது. ஜெபம் பண்ண உட்கார்ந்தால், கடலையை ஊறப்போட்டோமா இல்லையா என்ற கேள்வி வந்து நின்றது. புத்தகத்தை எடுத்தால் மூன்றாவது வரியிலேயே கை போனைத் தேடியது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். இந்தப் பாராவைப் படித்து முடிப்பதற்குள்ளேயே ஒரு தடவை போனைப் பார்த்திருப்பீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நாமெல்லாம் ஒரே வார்டு நோயாளிகள்.

எனக்கே ஓர் இடம் வேண்டியிருந்தது. அதனால்தான் இந்த மாடியைப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "இன்னா எஸ்தரு, ஊருல எல்லாரும் பேசறதுக்குத்தான் காசு குடுப்பாங்க. பேசாம கீறதுக்கு எவன் குடுப்பான்?"

மஞ்சள் பேனா

குடுத்தார்கள். முதலில் வந்தவன், பக்கத்துப் பாலகாட் பகுதியில் இருக்கிற பிரவீன். கன்னடத்தில் எழுதவேண்டிய போலீஸ் வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறவன். நான் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னாலேயே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பான். பொறுப்பான பையன், ஒரு குறையும் சொல்ல முடியாது, அந்த மஞ்சள் பேனாவைத் தவிர. முக்கியமான வரிகளின்மேல் பட்டையாகக் கோடு இழுக்கிற பேனா அது. கீச், கீச் என்று நாள் பூராவும் சத்தம். ஒருநாள் தண்ணீர்க் குடம் மாற்றப் போகிற சாக்கில் அவன் புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். ஒரு வரி பாக்கி இல்லை. மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது பக்கம். "எல்லாத்துக்கும் கோடு போட்டா எதுக்குடா கோடு?" என்று மெதுவாகக் கேட்டேன். "எல்லாமே முக்கியமா கீது ஆன்ட்டி, எத வுடறது சொல்லுங்க?" என்றான். அவன் வயதில் நானும் அப்படித்தான் படித்தேன்.

அடுத்த வாரம் ஒருநாள் அறையில் கீச் சத்தம் கேட்கவில்லை. பேனாவில் மை தீர்ந்திருந்தது. புதுசு வாங்கக் காசில்லாமல், அன்றைக்கு வெறும் கையோடு படித்தான். ஒரு பக்கம் படிப்பான், தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்ப்பான், உதடு அசையும், மறுபடியும் குனிவான். கன்னடத்தில் படித்ததைத் தமிழில் தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறான் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. சாயங்காலம் செருப்பு மாட்டும்போது அவன் முகம் ஒரு மாதிரி இருந்தது. என்னடா, உடம்பு சரியில்லையா என்றேன்.

"பேனா தீந்துபோச்சி ஆன்ட்டி. இன்னிக்கிப் படிச்சது அப்பிடியே மண்டையில நிக்குது, எனுக்கே பயமா கீது."

ஒரே பக்கம்

பொன்னுசாமி வாத்தியார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மனைவி காலமாகிவிட்டார், மகள் அமுதாவோடு இருக்கிறார். அமுதா இன்றைக்கும் அதே விடிகாலை ரயிலில் பெங்களூர் போய்வருகிறவள், என் பழைய ரயில் சிநேகிதி. அப்பா வீட்டில் தனியாக இருக்கவேண்டாம் என்று அவள்தான் இங்கே சேர்த்துவிட்டாள். வாத்தியார் தினமும் மெல்லிசான ஒரு கவிதைப் புத்தகத்தோடு வருவார், ஜன்னலோர நாற்காலியில் உட்காருவார், புத்தகத்தைத் திறப்பார். பிறகு பக்கம் புரளும் சத்தமே வராது. முதல் நாள் நான் கவனிக்கவில்லை. மறுநாள் பார்த்தேன், நேற்றைய பக்கமே திறந்திருந்தது. அதற்கடுத்த நாளும் அதே. வாரம் முடிகிறவரை அதே பக்கம், அதே இடத்தில் விரல்.

அவருடைய அண்ணனுக்கு மறதி வந்து, கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்ட கதையை அமுதா ரயிலில் அழுதுகொண்டே எனக்குச் சொல்லியிருக்கிறாள். சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு மனசாக இருந்துவிட்டு, கடைசியில் அவளுக்குப் போன் பண்ணினேன். அவள் உடனே லீவு போட்டு அப்பாவை டாக்டரிடம் அழைத்துப்போனாள். கண்ணைப் பார்த்தார்கள். ஞாபகத்தைச் சோதிக்கக் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். வாத்தியார் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, டாக்டர் தமிழில் எழுதிக்கொடுத்த சீட்டில் ஒரு சந்திப்பிழையையும் காட்டிவிட்டு வந்தாராம்.

மறுநாள் அப்பாவும் மகளும் சேர்ந்தே மாடியேறி வந்தார்கள். அமுதாவின் கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஒன்னும் இல்லக்கா. நல்லா கீறாராம்" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். வாத்தியார் எங்கள் இரண்டுபேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் இல்லை. பரீட்சைத் தாளில் தவறான விடையைப் பார்க்கிற பொறுமைதான் இருந்தது.

"கண்ணு தெரியலன்னா பக்கத்தத் திருப்பிகிட்டே போயிருப்பேம்மா. தெரியறதாலதான் அங்கேயே நிக்கிறேன்."

பாஸ்டரின் சனிக்கிழமை

எங்கள் சபைப் பாஸ்டர் சனிக்கிழமை மத்தியானத்தில் வருவார். அவர் வீட்டில் பிரசங்கம் தயார் செய்ய வழியில்லை. கல்யாணத் தேதி கேட்கிறவர், பங்காளிச் சண்டையைத் தீர்த்துவைக்கச் சொல்கிறவர், பிள்ளைக்கு வேலைக்குச் சிபாரிசு கேட்கிறவர் என்று வாசலில் எப்போதும் ஆள். இங்கே வந்து வெள்ளைத்தாளை விரிப்பார், பேனா மூடியைக் கழற்றுவார், கண்ணை மூடித் தியானிப்பார். ஒரு வாரம் சபையில் அடுத்தடுத்து இரண்டு சாவு. மனிதர் சரியாகத் தூங்கியே நாளாகியிருக்கும். தியானத்துக்கு மூடிய கண் திறக்கவில்லை. தலை மெதுவாக மேசைக்கு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் குறட்டை.

பிரவீன் என்னைப் பார்த்தான். வாத்தியார் என்னைப் பார்த்தார். குறட்டைக்கு என்ன சட்டம் என்று என் அட்டையில் எழுதவில்லை. எழுப்பப் போனேன். பக்கத்தில் போனதும் அந்த முகத்தைப் பார்த்து மனசு வரவில்லை. என் மேசை விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டு வந்துவிட்டேன். வெயில் தாழ்ந்த பிறகு எழுந்தார், கன்னத்தில் பேனா மூடியின் அச்சோடு. தாளில், தூங்குவதற்கு முன்னால் எழுதிய ஒரே ஒரு வரிதான் இருந்தது. நாளைக்கு என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத்தான் பதற்றம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே பேசினார். நிதானமாக, இடைவெளி விட்டு, துக்கத்தில் இருந்த அந்த இரண்டு வீட்டுக்காரர்களிடமும் நேராகப் பேசுவதுபோல. வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடித்தார். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரே அதைப் பற்றிப் பேசினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது பாஸ்டர் என் பக்கம் குனிந்தார்.

"சிஸ்டர், வர்ற சனிக்கிழமையும் அந்த நாற்காலியை எனக்கே வச்சிருங்க. இன்னும் நிறைய பிரசங்கம் தூங்க வேண்டியிருக்கு."

கீழ்க்கடை டிரம்பெட்

கீழே பேண்டு செட் வைத்திருக்கிற அற்புதராஜுக்கும் எனக்கும் ஆரம்பத்தில் ஆகாது. கல்யாணம், சாவு, கோயில் தேர், மாதா சப்பரம் எல்லாவற்றுக்கும் அவர்தான். தினமும் சாயங்காலம் ஆட்களை உட்காரவைத்துப் பயிற்சி நடக்கும். டிரம்பெட்டில் அவர் முதல் சுரத்தைப் பிடித்தால் என் மேசைமேல் தண்ணீர் டம்ளர் ஆடும். ஒருநாள் தாங்கமுடியாமல் சண்டைக்குக் கிளம்பிக் கீழே போனேன். சொல்லவேண்டியதையெல்லாம் படியிறங்கும்போதே மனப்பாடம் பண்ணிக்கொண்டேன். அவர் டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு, "மேல இன்னாக்கா பண்றாங்க அவங்க?" என்று கேட்டார். படிக்கிறாங்க என்றேன். நம்பிக்கை இல்லாமல் கூடவே ஏறி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று பார்த்தார். ஒருத்தரும் தலை நிமிரவில்லை. சத்தமில்லாமல் இறங்கிப் போய்விட்டார். மறுநாளிலிருந்து பயிற்சி ஊருக்கு வெளியே காலி மைதானத்துக்கு மாறிவிட்டது. என் மனப்பாடம் வீணாய்ப் போனது. அப்படி ஒரு நிம்மதி எனக்கு.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அவரே மேலே வந்தார். சிவப்புக் கோட்டு, தோளில் ஜரிகை, கையில் தொப்பி. கல்யாண வயசில் ஒரு பையன் பெங்களூர் ரோட்டில் பைக் விபத்தில் போய்விட்டான், அந்த ஊர்வலத்துக்கு வாசித்துவிட்டு வந்திருந்தார். "இங்க குந்தலாமாக்கா?" என்று மட்டும் கேட்டார். கடைசி நாற்காலியைக் காட்டினேன். தொப்பியை மேசைமேல் வைத்து, இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் கணக்குப் பார்ப்பதுபோல அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அவர் கால் கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. போகப்போக அது நின்றது. அறை மூடுகிற நேரத்தில் எழுந்தார்.

"சாவுக்கு வாசிச்சிட்டு நேரா வூட்டுக்குப் போனா அந்தப் பாட்டும் கூடவே வருதுக்கா. இங்க கொஞ்ச நேரம் குந்தினா, அது எறங்கிக்கினு போயிடுது."

மனசைக் காலி செய்கிறவர்

ரீடிங் ரூமின் பெயர் பரவியதும் பெங்களூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். கம்பெனிகளில் தியானம் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். மைண்ட்ஃபுல்னெஸ் என்றார். சின்ன வெண்கல மணி ஒன்று, ஒரு ஸ்பீக்கர், அதிலிருந்து ஓடைத் தண்ணீர் சத்தம். தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இலவசமாக ஒரு வகுப்பு. நல்ல பிள்ளை, உண்மையான அக்கறையோடு பேசினார். "மூச்சை மட்டும் கவனிங்க. நாளைய வேலை, வீட்டுக் கவலை, ரயில், எல்லாத்தையும் ஒவ்வொண்ணா வெளியே எடுத்து வச்சிடுங்க. மனசைக் காலி பண்ணுங்க" என்றார். தண்ணீர் சத்தம் கேட்டதும் பாதிப்பேர் பாத்ரூமுக்குப் போய்வந்தார்கள். மீதிப்பேர் தூங்கினார்கள். வாரம் பூராவும் இருட்டில் எழுந்திருக்கிறவர்களைக் கண்ணை மூடச் சொன்னால் வேறென்ன நடக்கும்?

கடைசியில் மணியடித்து எழுப்பி, யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார். அமுதா கையைத் தூக்கினாள். கிண்டல் இல்லை, நிஜமான கவலை அவள் முகத்தில்.

"எல்லாத்தையும் காலி பண்ணிட்டா, நாளைக்கு ட்ரெய்னுக்கு எழுந்துக்கணும்னு யார் சார் எனுக்கு ஞாபகப்படுத்தறது?"

கஸ்தூரியின் நாற்காலி

போன வருஷம் மழைக்காலம் முடிகிற சமயத்தில் கஸ்தூரி வந்தாள். ஊரிகத்தில் பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் ஒன்றில் வீடு, புருஷன் ஆட்டோ ஓட்டுகிறார், பெண் பத்தாவது படிக்கிறாள். கையில் புத்தகம் இல்லை, பை இல்லை. மடித்த குடை மட்டும். "சும்மா உக்கார சீட்டு கீதாக்கா?" என்றாள். முன்பின் தெரியாதவர் ஒருத்தரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. இருக்கு, உட்காரு என்றேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு எழுந்து போய்விட்டாள். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். பிரவீன் என்னிடம் வந்து, "அந்த அக்கா ஒன்னுமே படிக்கல ஆன்ட்டி. சொவத்தையே பாத்துனு கீறாங்க. எனுக்கு டிஸ்டர்ப் ஆவுது" என்று புகார் சொன்னான். அவங்க உன்னைப் பார்க்கலையேப்பா என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் எனக்கும் உறுத்தியது. ஒருநாள் அவள் கிளம்பும்போது படிக்கட்டுவரை கூடப்போய், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டேன்.

"வூட்ல சும்மா குந்தினா, இன்னா யோசனன்னு கேக்கறாங்கக்கா. இங்க யாரும் கேக்கமாட்டாங்கன்னுதான் வந்தேன்."

அந்தப் போன்

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அவளேதான் சொன்னாள். ஒரு மத்தியானம் வந்ததும் உட்காராமல் என் மேசை முன்னால் நின்றாள். "இன்னிக்கி மட்டும் போனு ஆன்ல வெச்சிக்கட்டாக்கா?" என்றாள். மார்பில் ஒரு கட்டி. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு சாம்பிள் எடுத்திருக்கிறார்கள். முடிவைப் போனில் சொல்வார்களாம். அவள் அம்மா போனது இதே மாதிரி ஒரு கட்டியில்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது. பெண்ணுக்குப் பரீட்சை, மாமியாருக்கு ரத்தக்கொதிப்பு, புருஷன் கேள்விப்பட்டால் ஆட்டோவை நிறுத்திவிட்டு அழுதுகொண்டு உட்கார்ந்துவிடுவார். அதனால் பயப்படுவதற்கு ஓர் இடம் தேடி இங்கே வந்திருக்கிறாள். போனை அணைக்கச் சொல்கிற அட்டையைப் பார்த்தேன். அதைக் கழற்றி டிராயருக்குள் போட்டேன். "வெச்சிக்கோ கஸ்தூரி" என்று சொல்லிவிட்டு, வாத்தியாரிடம் கண்ணைக் காட்டினேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து அவளுக்கு ஜன்னலோர நாற்காலியைக் கொடுத்தார்.

போன் மேசைமேல் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேறெதையும் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒரே பொருளின்மேல் என் கவனம் நின்றது அன்றைக்குத்தான். மணி அடித்ததும் வெளியே போய்ப் பேச எழுந்தாள். நின்ற இடத்திலேயே எடுத்தாள். "ஆங்... நான்தான் மேடம்... ம்... ம்... இன்னொரு தபா சொல்லுங்க மேடம்." அறையில் ஒரு பக்கம்கூடப் புரளவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்தாள். அவள் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"சாதாக் கட்டியாங்க்கா. கேன்சரு இல்லியாம்" என்றாள், யாரோ ஒருத்தரைப் பற்றிச் சொல்வதுபோல.

முதலில் கை தட்டியது பிரவீன். வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் "ஸ்தோத்திரம்!" என்று கத்தினேன். எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்றால், அற்புதராஜ் கீழேயிருந்து, "இன்னாக்கா, மேல அடிதடியா?" என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், அவர் எதிர்க்கடைக்குப் போய் எல்லாருக்கும் டீ கொண்டுவந்தார். கஸ்தூரி அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். அழுதுமுடிக்கும்வரை அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். முகம் கழுவிக்கொண்டு வந்தவளிடம், "போம்மா, முதல்ல வீட்டுக்குப் போய் உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு" என்றேன். அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, மறுபடியும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சொல்றேங்க்கா. பொண்ணு ஸ்கூலு வுட இன்னும் நேரம் கீது... படிக்கறதுக்கு எதுனா புக்கு கீதா?"

ஆக, அமைதியைத் தவிர வேறெதுவும் விற்காத இந்தக் கடையில் இன்றுவரை அதிகமாகச் சத்தம் போட்டவர் யார் என்று கேட்டால், எல்லாரும் முதலாளியம்மாவைத்தான் கைகாட்டுகிறார்கள்.